ஹெரானின் எட்டாவது நிபந்தனை

ரெனாட்டா வோஸ்னியாக் கைகுலுக்கக் கையை நீட்டினாள். நார்பர்ட் ஹாக்லண்ட் அந்தக் கையில் தன் காலிக் காப்பிக் கோப்பையை வைத்தார்.

"குப்பைத்தொட்டி உன் பக்கம்தான் இருக்கு," என்றார்.

பன்னிரண்டு வருஷமாக மெயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். டுலூத்தில், ஏரியைப் பார்த்த ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடி வகுப்பறை. அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ரெனாட்டா இதற்காக மில்வாக்கியிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். நார்பர்ட்டுக்கு வீடு நாலு தெரு தள்ளி. ஆனாலும் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். முதலில் வந்து காத்திருக்கிறவனுடைய சரக்குக்கு விலை இறங்கிவிடும் என்பது சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சந்தைப் பக்கமே போகாத நார்பர்ட்டுக்கும் அது எப்படியோ தெரிந்திருந்தது.

"சரி, ரெண்டு பேரும் அறிமுகம் ஆயிட்டீங்க," என்றார் லைல் பெட்டிஜான். அறையில் இருந்த மூன்றாவது ஆள் அவர். ஆயிரக்கணக்கான கட்டற்ற மென்பொருள்களைத் திரட்டி, ஒரே கட்டாகக் கட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உலகத்துக்கு இலவசமாக விடும் 'பர்ச்' என்கிற சங்கத்தில், ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்துப் பார்த்து உள்ளே விடுவதா வேண்டாமா என்று சொல்வது அவர் வேலை. மின்னசோட்டாக்காரர். பக்கத்து வீடு தீப்பிடித்தால்கூட "இன்னிக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்குல்ல?" என்று கேட்கிற ரகம். பேசுவதையெல்லாம் குறிப்பெடுத்துச் சங்கத்தின் பக்கத்தில் அப்போதைக்கப்போதே ஏற்றுவதும் அவர்தான். அந்தக் குறிப்பு ஏறிவிட்டால் கல்லில் வெட்டிய மாதிரி.

விவகாரம் ஹெரானைப் பற்றியது.

ஹெரான், அதாவது நாரை, நார்பர்ட் எழுதிய மென்பொருள். ஆற்றில் நட்டிருக்கும் அளவுமானிகள் அனுப்பும் எண்களை வாங்கி, தண்ணீர் எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்லும். சொல்லிவிட்டு, தேவையானால் பம்புகளையும் ஓட்டும். முன்னூற்றுச் சொச்சம் ஊர்களின் தண்ணீர் அலுவலகங்களில் அதுதான் காவல்காரன். யாரும் அதை நகல் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றி எழுதலாம், விற்றுக்கூடத் தின்னலாம். எட்டாவது நிபந்தனை ஒன்றுதான் இடறும். ஒரு எழுத்தை மாற்றினாலும் மாற்றியவர் அதை ஹெரான் என்ற பெயரில் வெளியிடக் கூடாது; வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பெயரை அப்படியே வைக்க வேண்டுமென்றால் பதிப்புரிமை உடையவர்கள் எல்லோரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

அந்த நிபந்தனை சும்மா வந்ததில்லை. 2006-இல் எவனோ ஒரு விநியோகக்காரன் ஹெரானை எடுத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் 'அழகுக்காக' வெட்டிவிட்டு, அதே பெயரில் வெளியிட்டான். வசந்தகாலத்தில் பனி உருகியபோது ஓரன் ஃபால்ஸ் என்ற ஊரில் பம்புகள் ஒரு மணி நேரம் தாமதமாக ஓடின. நூற்றுப்பத்து வீடுகளின் நிலவறையில் சாக்கடைத் தண்ணீர். பத்திரிகையில் வந்தது அந்த விநியோகக்காரன் பெயரா? 'ஹெரானின் தவறு' என்று வந்தது. நார்பர்ட்டுக்கு அறுநூறு மெயில். பேக்கரியில் ரொட்டி கட்டித் தந்த அம்மாள்கூட, "நீங்கதான அந்த ஹெரான்?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைத் தள்ளி வைத்தாள். அந்த வாரமே எட்டாவது நிபந்தனையை எழுதினார். அன்றுமுதல் பதினெட்டு வருஷம், மனைவியைச் சந்தேகப்படுகிற கணவன் மாதிரி அந்தப் பெயரைக் காவல் காத்துவந்தார். சஸ்கட்டூனில் ஒரு மாணவன் உதவிப் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி வெளியிட்டதற்கு, பெயரை மாற்றச் சொல்லி அவனை அழவைத்தவர்.

இப்போது ரெனாட்டா. பர்ச்சில் ஹெரானுக்குப் பொறுப்பாளி அவள். ஆகஸ்டில் ஹெரானில் ஒரு ஓட்டை தெரியவந்தது: வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் பொய் எண்ணை அனுப்பலாம், ஹெரான் விழுங்கிவிடும். ரெனாட்டா நாலே வரியில் அடைப்பு எழுதி நார்பர்ட்டுக்கு அனுப்பினாள். "பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. ஆறு வாரம் பார்த்தார். பொறுக்க முடியாமல் அவளே பர்ச்சின் பிரதியில் அந்த நாலு வரியைச் சேர்த்தாள். பெயரை மட்டும் தொடவில்லை.

மறுநாளே நார்பர்ட் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார்: ஒன்று எடு, இல்லை பெயரை மாற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை பர்ச் பூட்டப்படும். அதன்பின் இரண்டு வருஷத்துக்கு யாரும் கைவைக்க முடியாது.

"பேரை மாத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ரெனாட்டா ஆரம்பித்தாள். "முன்னூறு ஊர்லயும் சின்னச் சின்ன நிரல் எழுதி வெச்சிருக்காங்க. மணிக்கொரு தடவை ஹெரானை அது பேரைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பேர்ல ஆள் இல்லைன்னா பம்பு ஓடாது."

"அப்ப மாத்தாத. உன் நாலு வரியை எடு."

"எடுத்தா ஓட்டை."

"அது என் ஓட்டை. எப்ப அடைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"ஆறு வாரமா அதுக்குப் பக்கத்துல உக்காந்து மீன் பிடிச்சீங்களா?"

லைல் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள்.

பேரம் நடந்தது. 'ஹெரான்-பர்ச்' என்று ஒட்டுப்பெயர் வைக்கலாமா என்றாள், முடியாது. திறக்கும்போது முதல் வரியிலேயே 'இது பர்ச் திருத்தியது, ஹாக்லண்டைத் திட்டாதீர்கள்' என்று போடட்டுமா, முடியாது. ஆறு மாதத்துக்கு மட்டும்? ஆறு நிமிஷத்துக்கும் முடியாது. விலை கேட்கிறவன் படி இறங்க இறங்க, கடைக்காரன் மேல்படிக்கு ஏறி உட்காருகிற பேரம் அது.

"உனக்கு என்னதான் பிரச்சனை, தாயே?" என்றார் நார்பர்ட். "நிரல் எல்லாம் இலவசம். அள்ளிக்கிட்டுப் போ. நான் கேக்கறது ஒரே ஒரு வார்த்தை. அது என்னுது."

"ஒரே வார்த்தைதான். ஆனா அதை டிரேட்மார்க்கா ரிஜிஸ்டர் பண்ண முன்னூறு டாலர் செலவு பண்ண மனசு வரல உங்களுக்கு."

"எட்டாவது நிபந்தனை இருக்கு. அது போதும்."

"போதுமா?" என்றாள் ரெனாட்டா. குரல் ஒரு படி இறங்கியது. நல்ல வியாபாரி அந்த இறக்கத்தைக் கேட்டதும் செருப்பைத் தேடியிருப்பான். நார்பர்ட் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் நீளமாக ஒரு பட்டியல்.

"பர்ச்ல ஒரு பொருள் உள்ள போகணும்னா, எந்தக் கோப்பை யார் எழுதினாங்க, எந்த வருஷம் எழுதினாங்கன்னு ஒண்ணு விடாம ஜாபிதா போடணும். உலகத்துலயே அலுப்பான வேலை. மூணு வாரம் உக்காந்து போட்டேன். மிஸ்டர் ஹாக்லண்ட், ஹெரான்ல உங்க வரி மட்டும் இல்ல. 2009லேர்ந்து மத்தவங்க அனுப்பின திருத்தத்தை வாங்கிச் சேர்த்திருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் கோப்பு தலையில அவங்க பேரையும் வருஷத்தையும் நீங்களே உங்க கையால அடிச்சிருக்கீங்க."

"ஆமா. அடுத்தவன் உழைப்பைத் திருடறவன் இல்ல நான்."

"ரொம்ப நல்ல மனுஷன். பதிப்புரிமை உடையவங்க மொத்தம் முப்பத்தெட்டு பேர். யாரும் உரிமையை உங்களுக்கு எழுதித் தரல. அதுல ஒருத்தி நான். 2012. அளவுமானி பனியில உறைஞ்சா வர்ற எண்ணை ஒதுக்கறதுக்குப் பதினோரு வரி." அவள் லைல் பக்கம் திரும்பினாள். "லைல், எட்டாவதைப் படிங்க. மெதுவா."

லைல் படித்தார். 'எல்லோரும்' என்ற சொல் வந்ததும் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"என் வரியைச் சேர்த்து, மாத்தி, ஹெரான்ங்கற பேர்லயே வெளியிட்டீங்களே," என்றாள் ரெனாட்டா. "என் சம்மதம் எங்க? எழுத்துல? மத்த முப்பத்தாறு பேரோடது எங்க? பதினஞ்சு வருஷமா உங்க நிபந்தனையை அதிகமா மீறின ஆள் நீங்கதான் சாமி."

நார்பர்ட்டுக்குக் காது மடல் சுட்டது. 'எல்லோரும்' என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள்: கெயில். அப்போது அவரோடு சேர்ந்து ஹெரானை எழுதிக்கொண்டிருந்தவள். கேட்கிறவனுக்கெல்லாம் 'எடுத்துக்கோ' என்று தூக்கிக் கொடுக்கிற கை. அவள் தனியாகச் சம்மதம் தந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தச் சொல். கெயில் 2008-இல் எல்லா உரிமையையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் குதிரை வளர்க்கப் போய்விட்டாள். சொல் போகவில்லை. திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரன் வெளியே நிற்கும்போது விழுந்துவிட்டது.

"என்ன வேணும் உனக்கு?"

"எட்டாவதை எடுத்துடுங்க. எடுக்கறதுக்கும் எல்லாரும் சம்மதிக்கணும், தெரியும். இருபத்தாறு பேர்கிட்ட பேசிட்டேன். ஒருத்தர் செத்துட்டார், தண்டர் பேங்கற ஊர்ல அவர் மனைவி இருக்காங்க, உங்களைப் பத்திச் சொன்னதுமே சரின்னாங்க. நீங்க இன்னிக்குச் சரின்னு சொன்னா மீதியை வாங்கிடலாம். இல்லைன்னா, பேரை மாத்த வேண்டியது நான் இல்ல. நீங்க."

லைல் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "இது… வேற மாதிரி இருக்கு," என்றார். மின்னசோட்டாவில் அதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது. "சாப்பிட்டுட்டு வருவோமா?"

கீழே கூடத்தில் சங்கத்தினர் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த சாப்பாடு பரப்பியிருந்தது: காட்டரிசி சூப்பு, உருளைக்கிழங்கு மேலே பரப்பிச் சுட்ட ஹாட்டிஷ், புகையிட்ட ஏரி மீன். எலுமிச்சைக் கேக் தட்டில் கடைசித் துண்டு இருந்தது. கடைசித் துண்டை எடுப்பது அங்கே மரியாதை இல்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். தீக்குச்சி அகலத்துக்கு வந்திருந்ததையும் லைல் வெட்டினார்.

"விட்டுக் கொடுத்துடேன் நார்பர்ட். பதினெட்டு வருஷம் ஆச்சு. ஓரன் ஃபால்ஸை எவன் ஞாபகம் வெச்சிருக்கான்?"

"நான் வெச்சிருக்கேன்."

"அவ சட்டப்படி பிடிச்சுட்டா."

"தெரியும்." நார்பர்ட் சூப்பைக் கலக்கினார், குடிக்கவில்லை. எட்டாவதை எடுத்துவிட்டால் நாளைக்கே எவனாவது தசமப் புள்ளியை வெட்டுவான், ஹெரான் என்றே வெளியிடுவான். எடுக்காமல், 'அது எனக்குப் பொருந்தாது' என்று சொன்னால்? சஸ்கட்டூன் பையன் சிரிப்பான். கோர்ட்டுக்கு அவர் பயப்படவில்லை. தன் உரிமத்தைத் தானே மதிக்காதவன் என்ற பெயர் வந்தால், அப்புறம் எந்தப் பெயரைக் காத்து என்ன?

அந்தச் சூப்புக் கோப்பைக்குள் நாலு நிமிஷம் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. லைலுக்கு அது பிடிக்கவில்லை.

மாடிக்குப் போனதும் நார்பர்ட் உட்காரவில்லை.

"நீ சொன்னது சரி," என்றார் ரெனாட்டாவிடம். "லைல், எழுதிக்கோ. நான் என் நிபந்தனையை மீறிட்டேன். இன்னிக்கே பேரை மாத்தறேன்."

ரெனாட்டாவுக்கு ஒரு கணம் வெற்றி கண்ணில் மின்னியது. பிறகுதான் கணக்கு உதைத்தது.

"மாத்தறீங்கன்னா… அப்ப ஹெரான்?"

"2008ல, உரிமை முழுக்க என்கிட்ட மட்டும் இருந்தப்ப வந்த பதிப்பு இருக்கு. அதுக்கு மட்டும்தான் அந்தப் பேர். இப்ப இருக்கற எந்த மெஷின்லயும் அது ஓடாது. மத்தது எதுக்கும் யாரும் அந்தப் பேரை வைக்க முடியாது. நீயும்தான். எல்லாரும் சம்மதிக்கணும்னு இருக்கு. அந்த எல்லாரும்ல நானும் உண்டு. நான் தர மாட்டேன். சாகற வரைக்கும். செத்தப்பறமும் எனக்குத் தண்டர் பேல பொண்டாட்டி இல்ல."

"முன்னூறு ஊரு!" என்று கத்தினாள். "திங்கக்கிழமை காலையில கூப்பிட்டா ஆள் இருக்காது! உங்களுக்கும் கிடையாது, மத்தவனுக்கும் கிடையாதா? வைக்கோல்போர்ல படுத்த நாய்கூட இப்படிப் பண்ணாதய்யா!"

"எட்டாவதை மெதுவா படிக்கச் சொன்னது நான் இல்ல."

"சரி. சரி, கேளுங்க." அவள் அவசரமாகக் காகிதம் தேடினாள். "நான் என் சம்மதத்தை எழுதித் தர்றேன். இப்பவே. நீங்க ஹெரான்னே வெச்சுக்கோங்க. காலையில பேசினதை விட்டுடலாம்."

கேட்காமலே விலையைக் குறைக்கிறவளைப் பார்த்து நார்பர்ட் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "ஒரு சம்மதம் ஆச்சு. இன்னும் முப்பத்தாறு பாக்கி, எழுத்துல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்கிடுவியா?"

அவள் லைலைப் பார்த்தாள். லைல் தன் விரல்களைப் பார்த்தார்.

"குறிப்பு ஏத்தியாச்சு, ரெனாட்டா. நீ சொன்னதைத்தான் ஏத்தினேன். தெரிஞ்சும் அந்தப் பேர்ல உள்ள விட என்னால முடியாது."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகில் நின்று, "நாலு வரியை?" என்றாள்.

"சேர்த்துக்கறேன். எப்படியும் பேரை மாத்தறேனே, ஒரே செலவு. உன் பேரையும் தலையில போடுவேன். நன்றி மட்டும் சொல்ல மாட்டேன்."

"எவ கேட்டா?"

சனிக்கிழமை மத்தியானம் நார்பர்ட் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பெயரை மாற்றினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு இடங்களில் ஹெரான் இருந்தது. 'எல்லாவற்றையும் மாற்றவா?' என்று இயந்திரம் கேட்டது. 'இல்லை, ஒவ்வொன்றாகக் கேள்' என்றார். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அழுத்தினார். அரைமணி கழித்து மணிக்கட்டு வலித்தது; நிறுத்தவில்லை. புதுப்பெயராக வைத்தது 'ஹாக்லண்ட்'. இனித் திட்டுகிறவன் நேராகவே திட்டட்டும், நடுவில் ஒரு நாரை எதற்கு. வேறு யாரிடமும் இனி ஒரு வரியும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார். வாங்கினால் மறுபடி பெயர் மாற்ற வேண்டுமே.

மாலை ஐந்து மணிக்கு வெளியிட்டுவிட்டு, ஒரு பியரைத் திறந்தார். யாருக்கும் கிடைக்காத இடத்தில் அந்தப் பெயர் பத்திரமாக இருந்தது. முப்பதாயிரம் பேர் திட்டலாம். தவறு செய்ய இனி அந்தப் பெயரால் முடியாது.

ஞாயிறு காலை லைலிடமிருந்து போன் வந்தது.

"ஹாக்லண்டை உள்ள எடுத்தாச்சு," என்றார். "கூடவே ரெனாட்டா புதுசா ஒரு நிரல் அனுப்பியிருக்கா. பாத்துடு. எனக்கு அதுல சிக்கல் எதுவும் தெரியல." வைப்பதற்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்: "மன்னிச்சுக்கோ."

நார்பர்ட் திறந்து பார்த்தார். ஒரே ஒரு வரி. யாராவது அதைக் கூப்பிட்டால் அது ஹாக்லண்டைக் கூப்பிடும். வேறு வேலை கிடையாது. அதன் பெயர் ஹெரான்.

முன்னூறு ஊரிலும் இனி மணிக்கொரு தடவை அதைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் அவருடைய வரி ஒன்றும் இல்லை, முப்பத்தேழு பேருடைய வரியும் இல்லை. ஆகவே அது எதையும் மாற்றியது ஆகாது. எட்டாவது நிபந்தனைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முன்னூறு டாலர் கட்டிப் பெயரைப் பதிவு செய்யாததால் வேறு தடையும் கிடையாது. ரெனாட்டாவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"காத்துக்கிட்டே இருந்தேன், மிஸ்டர் ஹாக்லண்ட். உரிமத்தைப் படிச்சீங்களா?"

"ஒரு வரிக்கு என்ன உரிமம்?"

"படிங்க. மெதுவா."

வைத்துவிட்டாள்.

படித்தார். நகல் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எட்டாவது: மாற்றியவர் ஹெரான் என்ற பெயரில் வெளியிடக் கூடாது, பெயரை வைத்துக்கொள்ளப் பதிப்புரிமை உடையவர்கள் எல்லோரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். காற்புள்ளிகூட அவர் போட்ட இடத்திலேயே இருந்தது. கீழே பதிப்புரிமை உடையவர்கள் பட்டியல்: ரெனாட்டா வோஸ்னியாக். ஒரே பெயர்.

எங்காவது ஒரு சந்து இருக்குமா என்று மத்தியானம்வரை வரிவரியாகத் தேடினார். இல்லை. அதை எழுதியவன் விவரமான ஆள்.